ஜியோகேச்சிங் புதிரில் வேதிச் சமன்பாடு வந்தால்

ஜியோகேச்சிங் என்பது ஜிபிஎஸ் உதவியோடு ஒளித்துவைத்த பெட்டியைத் தேடும் விளையாட்டு. அதில் வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்து, கெழுக்களை (ஒவ்வொரு பொருளுக்கும் முன் வரும் எண்களை) ஆயத்தொலைவு (இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை) இலக்கங்களாக மாற்றச் சொல்லும் புதிரில் பலரும் சறுக்குவது எழுதாமல் விடும் 1-இல்தான். தாளில் அது கண்ணில் படாது. புதிரிலோ அதுவும் ஓர் இலக்கம்!

எரிதல் வினை என்றால் முதலில் கார்பன், அடுத்து ஹைட்ரஜன், ஆக்சிஜனைக் கடைசியில் தொடுங்கள். புரோப்பேனில் கார்பன் 3, ஹைட்ரஜன் 8. ஆகவே கார்பன் டை ஆக்சைடு 3, நீர் 4. வலப்பக்கம் ஆக்சிஜன் அணுக்கள் 6 + 4 = 10, அதாவது 5 மூலக்கூறுகள். புரோப்பேன், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, நீர் என்ற வரிசையில் விடை 1, 5, 3, 4.

பியூட்டேன் கொஞ்சம் வம்பு பிடித்தது. ஆக்சிஜன் ஆறரை என்று வரும். பதறாமல் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கினால் 2, 13, 8, 10. இப்படி ஈரிலக்க எண் வந்தால் அதை அப்படியே போடுவதா, கூட்டுவதா என்று புதிரின் வாசகத்தை மறுபடி படியுங்கள்.

ஆயத்தொலைவில் நிமிடம் (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) 60-ஐத் தொட்டாலே கணக்கு தவறு. உண்மையான இடம், புதிர்ப் பக்கத்தில் காட்டியுள்ள புள்ளியிலிருந்து பெரும்பாலும் 3 கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் இருக்கும். வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். ஏரி நடுவில் விழுந்தால் ஷூ மாட்ட வேண்டாம்.