விண்வெளி கேமில் ஆழம் இருக்கிறதா? முதல் வாரத்திலேயே கண்டுபிடிக்கும் வழி

முடிவு என்று ஒன்று இல்லாத, எங்கே வேண்டுமானாலும் பறந்து போகலாம் என்கிற விண்வெளி கேம்களைப் பற்றி ஒரு புகார் ஓயாமல் வரும்: "கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது, இறங்கினால் கணுக்கால் வரைதான் தண்ணீர்." எலைட் டேஞ்சரஸ் 2014 டிசம்பரில் வெளிவந்ததிலிருந்து இந்தப் பேச்சு அதைத் துரத்துகிறது. 2016இல் நோ மேன்ஸ் ஸ்கை வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள்.

எலைட்டில் ஆழம் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே பலர் சலித்துப்போய் விலகிவிடுகிறார்கள். அதனால் எலைட்டையே உதாரணமாக வைத்து, புதிதாக விளையாட வருபவர் தானே சோதித்துப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். இதே வகையிலுள்ள மற்ற கேம்களுக்கும் இது பொருந்தும்.

படி 1: எண்ணிக்கையை ஒதுக்கி வையுங்கள்

எலைட் டேஞ்சரஸில் நம் பால்வெளி மண்டலம் நிஜ அளவில் இருக்கிறது, சுமார் 40,000 கோடி நட்சத்திர மண்டலங்களோடு. நோ மேன்ஸ் ஸ்கையின் கிரகங்களை எண்ணினால் 18க்குப் பின்னால் 18 சைபர் போட வேண்டும். பிரமிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இவற்றைக் கணினி ஒரு சூத்திரத்தை வைத்துத்தான் உருவாக்குகிறது; அது சரியாக அமைந்துவிட்டால் எண்ணிக்கை தானாக வந்துவிடும். 1984இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் உருவாக்கிய முதல் எலைட், 32 கேபி நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோவிலேயே 8 கேலக்ஸிகளைக் (பால்வெளி போன்ற பெரும் நட்சத்திரக் கூட்டங்களை) காட்டியது. ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திரங்கள்.

அதனால் இரண்டே கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். நான் கற்றுக்கொண்டது நான் விளையாடும் விதத்தை மாற்றுகிறதா? நான் செய்தது அந்த உலகத்தில் தங்குகிறதா?

படி 2: ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்

எலைட்டில் தொடக்கத்தில் கிடைக்கும் சைட்வைண்டர் கப்பலில் ஒரு சாதாரண டெலிவரி மிஷனை எடுங்கள். கப்பலைத் தானாக ஓட்டி, ஸ்டேஷனில் நிறுத்தும் சூப்பர்க்ரூஸ் அசிஸ்ட், டாக்கிங் கம்ப்யூட்டர் கருவிகள் இருந்தால் இரண்டையும் கழற்றிவிடுங்கள். நீங்களே ஓட்டினால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம்.

சூப்பர்க்ரூஸில், அதாவது ஒரு நட்சத்திர மண்டலத்துக்குள் அதிவேகமாகப் பறக்கும் முறையில், ஸ்டேஷனை நோக்கித் திரும்பி முழு வேகம் கொடுங்கள். போய்ச் சேர இன்னும் எவ்வளவு நேரம் என்று திரையில் காட்டும். அது 7 விநாடிக்கு இறங்கியதும் த்ராட்டிலை 75 சதவீதத்துக்குக் குறையுங்கள். அப்புறம் தூரம் குறையக் குறைய வேகமும் கூடவே தணியும். 1,000 கிலோமீட்டருக்குள் வந்ததும், வேகமும் அளவாக இருந்தால் வெளியேறலாம். கொஞ்சம் தாமதித்தாலும் ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விடுவீர்கள். சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும்.

இது பழகியதும், அனுபவசாலிகள் இந்த விதியையே மீறுவதைக் கவனியுங்கள். சூப்பர்க்ரூஸில் கிரகத்தை நெருங்கினால் அதன் ஈர்ப்பு கப்பலின் வேகத்தைப் பிடித்து இழுக்கும். அவர்கள் முழு வேகத்திலேயே வந்து, கிரகத்தின் ஓரமாக வளைந்து, அந்த ஈர்ப்பையே பிரேக்காக வைத்து இறங்குகிறார்கள். மிஷன் அதேதான், ஸ்டேஷன் அதேதான், ஆனால் ஓட்டுபவரின் கைத்திறன் மாறிவிட்டது. ஆழம் என்று நான் சொல்வது இதைத்தான். பொருளை ஏற்றி இறக்கும் அந்த மிஷன் மட்டும் நூறாவது முறையும் முதல் முறை போலவே இருக்கும். அங்கே புகார் சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

படி 3: கப்பலின் மின்சாரத்தோடு மல்லுக்கட்டுங்கள்

எலைட்டில் மொத்தம் 6 மின் புள்ளிகள். கேடயம், என்ஜின், ஆயுதம் என மூன்று இடங்களுக்கு அவற்றைப் பகிர வேண்டும், ஓர் இடத்துக்கு அதிகபட்சம் 4. எதிரி சுடும்போது கேடயத்துக்கு, துரத்தும்போது என்ஜினுக்கு, அவன் முதுகு காட்டும் நேரத்தில் ஆயுதத்துக்கு. சண்டைக்கு நடுவே இதை விடாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை புள்ளிகளைத் தொடாமல் சண்டை போடுங்கள், அடுத்த முறை மாற்றி மாற்றிப் போடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

படி 4: உலகம் உங்களைக் கவனிக்கிறதா என்று பாருங்கள்

மக்கள்தொகை குறைந்த ஒரு நட்சத்திர மண்டலத்துக்குப் போங்கள். அங்கே பல அணிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் செல்வாக்கு இத்தனை சதவீதம் என்று காட்டும். சிறிய அணி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் சதவீதத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு மட்டும் மிஷன்கள் செய்யுங்கள். கணக்கு நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். மறுநாள் திரும்பிப் பாருங்கள்: பெரும்பாலும் எண் நகர்ந்திருக்கும். இப்படியே தள்ளித் தள்ளி ஒரு ஸ்டேஷனின் ஆட்சியையே மாற்றிவிடும் பிளேயர் குழுக்கள் உண்டு. கூட்டம் அதிகமுள்ள மண்டலத்தில் இதைச் செய்யாதீர்கள், உங்கள் உழைப்பு கண்ணுக்கே தெரியாது.

எனக்கு இங்கே ஒரு குறை உண்டு. இவ்வளவு நுணுக்கமான விஷயத்தைக் கேம் வெறும் சதவீதமாக மட்டும் காட்டுகிறது. ஆட்சி மாறியும் ஸ்டேஷனின் முகம் பெரிதாக மாறாது. உலகத்தின் எதிர்வினையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் எக்ஸ்4 ஃபவுண்டேஷன்ஸ் என்ற கேமே மேல். அதில் கப்பல் கட்டும் தளத்துக்கு மூலப்பொருள் வராவிட்டால் கப்பல் கட்டவே முடியாது. சரக்கு வழியை நீங்கள் மறித்தால் அந்த அணியின் படை மெலிந்துகொண்டே போகும். 2003இலிருந்து ஓடும் ஈவ் ஆன்லைன் இன்னும் ஒரு படி மேலே. பெரும்பாலான கப்பல்கள் பிளேயர்கள் கட்டியவை, அழிந்தால் அழிந்ததுதான். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் நடந்த போர் சுமார் 21 மணி நேரம் நீடித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் அதில் இறங்கினார்கள்.

படி 5: உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

இரண்டாம், மூன்றாம் படிகளில் நேரம் போனதே தெரியவில்லை என்றால் எலைட் உங்களுக்கானது. நான்காவது படிதான் பிடித்தது என்றால், தனியாக விளையாட எக்ஸ்4, ஆட்களோடு மோத ஈவ். புதிய இடங்களைப் பார்த்துக்கொண்டே போவதுதான் சுகம் என்றால் நோ மேன்ஸ் ஸ்கைக்குப் போங்கள். வெளிவந்ததிலிருந்து இலவச அப்டேட்களாகவே ஏகப்பட்டதைச் சேர்த்திருக்கிறார்கள்.

எலைட்டில் தொடர்பவர்கள் முதலில் ஃப்யூயல் ஸ்கூப் வாங்கிப் பொருத்துங்கள். கே, ஜி, பி, எஃப், ஓ, ஏ, எம் வகை நட்சத்திரங்களில் மட்டுமே அது எரிபொருளை உறிஞ்சும். ரொம்ப நெருங்காதீர்கள், வெப்பம் 100 சதவீதத்தைத் தாண்டினால் கப்பலின் பாகங்கள் கெட ஆரம்பிக்கும். பெரிய கப்பலுக்கு மாறும்போது கையில் உள்ளதை எல்லாம் செலவழித்துவிடாமல், கப்பலும் அதில் பொருத்திய பாகங்களும் சேர்ந்த விலையில் 5 சதவீதத்தைத் தனியே வையுங்கள். கப்பல் வெடித்தால் அதைத் திரும்பப் பெற அந்தத் தொகை வேண்டும்.