குத்து வாங்கத் தெரிந்தவரே கோச்: வாள்வீச்சுப் பயிற்சியாளர் ஆக விரும்புவோருக்கு

சனிக்கிழமை ஒரே நாளில் என் மேல் முந்நூறு, நானூறு குத்து விழும். கனத்த தோல் வைத்துத் தைத்த லெசன் ஜாக்கெட் போட்டிருப்பதால் உயிருக்குச் சேதமில்லை. ஆனாலும் ஞாயிறு காலையில் கையைத் தூக்கித் தலை பின்ன முடியாது. ஓரமாக நின்று விசில் ஊதுவதுதான் வாள்வீச்சு கோச்சின் வேலை என்று நினைத்து வருகிறவர்களிடம் முதலில் என் முன்கையைக் காட்டுவேன். பாதிப் பேர் அன்றோடு சரி. மீதிப் பேருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் ஆடியிருக்க வேண்டும். ஃபாயில், எப்பே, சேபர் என்று மூன்று வாள்கள். ஃபாயிலில் முனையால் உடற்பகுதியை மட்டும் குத்தலாம். எப்பேயில் தலை முதல் கால்விரல் வரை எங்கே குத்தினாலும் புள்ளி. சேபரில் இடுப்புக்கு மேலே வெட்டலாம், குத்தலாம். என் வாள் எப்பே. மூன்றில் கனமானதும் அதுதான், 770 கிராம் வரை இருக்கலாம். மற்ற இரண்டும் 500 கிராமைத் தாண்டக்கூடாது. ஒன்றில் போட்டிக்குப் போங்கள். மற்ற இரண்டையும் கை பழகும் அளவுக்காவது ஆடிப் பாருங்கள். நாளைக்கு உங்கள் முன் நிற்கும் பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று எந்தப் போட்டிச் சான்றிதழ் கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டாம். பின்னால் யாராவது அதில் சீல் வைக்க வேண்டியிருக்கும்.

ஆடிக்கொண்டிருக்கும்போதே நடுவராகவும் நில்லுங்கள். இதைப் பலரும் தண்டனை மாதிரி நினைக்கிறார்கள். எனக்குக் கண் திறந்தது அங்கேதான். ஃபாயிலிலும் சேபரிலும், குத்து பட்டதைக் காட்டும் விளக்கு இருவருக்கும் எரிந்தால், தாக்குதல் யாருடையது என்று நடுவர் சொல்ல வேண்டும். எப்பேயில் அந்தத் தகராறே இல்லை. நொடியில் 25இல் ஒரு பங்கு இடைவெளிக்குள் இருவரும் குத்தினால் இருவருக்கும் புள்ளி. எப்பேக்காரியான நான் இரண்டு வருஷம் சேபருக்கு நடுவராக நின்ற பிறகுதான், ஒரு தாக்குதல் எங்கே தொடங்கி எங்கே சாகிறது என்பது கண்ணில் பட ஆரம்பித்தது.

அப்புறம் படிப்பு. அரசு கோச் வேலை மனதில் இருந்தால் பஞ்சாபில் இருக்கும் பாட்டியாலாவுக்குப் போவதே நல்லது. 1961இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் அங்கே பழைய மோத்தி பாக் அரண்மனையில் இருக்கிறது. நம் ஆட்கள் என்.ஐ.எஸ். என்பார்கள். ஓராண்டு டிப்ளோமாவுக்கு டிகிரி வேண்டும். பள்ளியிலோ கிளப்பிலோ சொல்லிக்கொடுக்கத் தொடங்க ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. அரசு வேலைக்குப் பெரும்பாலும் டிப்ளோமாதான் கேட்பார்கள். வயது வரம்பு, போட்டித் தகுதி எல்லாம் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். போன வருஷம் போன அண்ணன் சொன்னார் என்று பணம் கட்டாதீர்கள்.

சேலம் ஜங்ஷனில் ஏறினால் டெல்லிக்கே இரண்டு இரவு. என் அப்பத்தா பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டிக் கொடுத்துவிட்டு, "கத்திச் சண்டை படிக்க இவ்வளவு தூரமா கண்ணு?" என்று கேட்டது. அங்கே வாளைவிடப் புத்தகம்தான் அதிகம். உடற்கூறு, உடலியங்கியல், விளையாட்டு உளவியல், பயிற்சித் திட்டம் போடும் முறை. பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்த நான் முழங்கால் தசைநார்களின் பெயரை மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது.

புத்தகத்தை எப்படியாவது தேற்றிவிடலாம். கை பழகுவதுதான் பெரும்பாடு.

தனி லெசன் கொடுக்க முதல்முறை நின்றபோது நடந்ததைச் சொல்கிறேன். எதிரே நின்ற பெண் சரியான தூரத்திலிருந்து லஞ்ச் போட்டாள், அதாவது முன்காலை நீட்டிப் பாய்ந்து குத்தினாள். என் கை தன்பாட்டுக்குப் போய் அவள் வாளைத் தட்டிவிட்டது. மறுபடி போட்டாள், மறுபடி தட்டினேன். மூன்றாவது முறை எங்கள் வாத்தியார் வந்து என் வாளை வாங்கிக்கொண்டார். கையைப் பின்னால் கட்டச் சொல்லி, பத்து நிமிஷம் சும்மா நின்று குத்து வாங்க வைத்தார். பத்து வருஷமாகக் குத்துப் படாமல் தப்பிக்கப் பழகிய உடம்பு அது. ஒவ்வொரு குத்துக்கும் தோள் தானாகச் சுருங்கியது.

லெசனின் கணக்கு இதுதான். நீங்கள் மணிக்கட்டை ஒரு சாண் விலக்கி மார்பைத் திறந்து காட்டுகிறீர்கள். அந்தத் திறப்பைப் பார்த்து மாணவர் கையை நீட்டி லஞ்ச் போட வேண்டும். நீங்கள் அரை அடி கூடுதலாகப் பின்வாங்கினால் பிள்ளை எட்டிப் பிடிக்கப் பார்க்கும்; பின்கால் தரையை விட்டு எழும், தலை முன்னால் விழும். குறைவாகப் பின்வாங்கினால் முழங்கை மடங்கும். பிள்ளை செய்யும் தப்பில் பாதி உங்கள் கால் செய்த தப்பு.

சரியாகச் செய்தால் குத்து விழ விடுங்கள். தப்பாகச் செய்தால் அரை அடி விலகிவிடுங்கள், அல்லது தடுத்துவிடுங்கள். குத்துதான் அதற்குக் கூலி. வாயால் "கை முதல்ல, கால் அப்புறம்" என்று கத்திக்கொண்டே தப்பான குத்தையும் வாங்கிக்கொண்டிருந்தால், தப்பான வேலைக்குக் கூலி கொடுத்துவிட்டுத் திட்டுகிற முதலாளி மாதிரி ஆகிவிடும். உடம்பு கூலியைத்தான் நம்பும்.

இடது கையாலும் லெசன் கொடுக்கப் பழக வேண்டும். உங்கள் பிள்ளைகள் போட்டியில் இடதுகை ஆட்களை எப்படியும் சந்திப்பார்கள். நான் இரண்டு மாதம் இடது கையில்தான் தோசை திருப்பினேன். வீட்டில் யாருக்கும் முழுத் தோசை கிடைக்கவில்லை.

சேலத்தில் சிலம்பம் ஆடிவிட்டு வரும் பிள்ளைகள் நிறைய. கால் பிரமாதமாக இருக்கும், தூரக் கணக்கும் தெரியும். ஆனால் கம்பு வீசிய கை பெரிய வட்டம் போடும். எப்பேக்கு ஒரு கைக்கடிகாரத்தின் முகப்பளவு வட்டம் போதும். "சிலம்பத்தை மற" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிளாஸ்டிக் வளையம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அதற்குள் முனையைச் சுற்றச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் கை அடங்கிவிடும்.

பழுது பார்க்கும் வேலையும் உங்கள் தலையில்தான். எப்பே முனையில் ஒரு ஸ்பிரிங், இரண்டு பொடித் திருகு. 750 கிராம் எடையை முனைமேல் வைத்து அழுத்திவிட்டால், ஸ்பிரிங் அந்த எடையைத் தூக்கி நிறுத்த வேண்டும். அதோடு இரண்டு தகடு: 1.5 மில்லிமீட்டர் தகடு முனைக்கும் உறைக்கும் நடுவே நுழைய வேண்டும், 0.5 தகட்டைச் செருகி அழுத்தினால் விளக்கு எரியக்கூடாது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் என் மாமாதான் அந்த எடையைத் தராசில் நிறுத்துச் செய்து கொடுத்தார். கொலுசுத் திருகாணி போடுகிற குட்டித் திருப்புளி எங்கள் முனைத் திருகுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அதைக் கேட்டு வாங்க எனக்கு மூன்று தீபாவளி ஆயிற்று.

வாரம் ஒருநாள் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கு வகுப்பெடுக்கப் போகிறேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் வாள் பை உருளும், "தூண்டிலாம்மா?" என்று கண்டக்டர் கேட்பார். மேலே பனிமூட்டம் இறங்கிவிட்டால் வாளை வெளியே வைக்காதீர்கள், ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். சேலத்தில் வியர்வையால் அதே கதி. உப்புத்தாளும் காய்ந்த துணியும் பையிலேயே இருக்கட்டும். ஈரக் கையுறையை வாளோடு சுருட்டி வைக்கும் பையனை மட்டும் நான் மன்னிப்பதில்லை.

இடத்துக்கு ரொம்ப அலைய வேண்டாம். ஷட்டில் கோர்ட் 13.4 மீட்டர் நீளம், நம் ஆடுகளத்துக்கு வேண்டியது 14. இரண்டு பக்கமும் ஓரடி நீட்டி டேப் ஒட்டினால் முடிந்தது. தரையைப் பாருங்கள். பளபளக்கும் கிரானைட் ஹாலைக் காட்டிய ஒரு பள்ளியில் நான் தலையாட்டிவிட்டேன்; முதல் நாளே ஒரு பையன் வழுக்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். அது என் தப்பு.

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவி முதல் ஆட்டத்தை 15-3 என்று ஜெயித்த பிறகு, இது என்ன விளையாட்டு என்று விளக்கும் வேலை குறைந்தது. மூங்கில் குச்சியில் பழகத் தொடங்கிய சென்னைப் பெண் என்றால் பெற்றோர் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஆனாலும், "ஏனுங்க டீச்சர், புள்ளைக்குக் கண்ணு கிண்ணு போயிடாதுங்களா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். சிரித்து மழுப்பாதீர்கள். 1982இல் ரோமில் நடந்த உலகப் போட்டியில் உடைந்த வாள் முகத்தை மூடும் கம்பிவலை மாஸ்க்கைத் துளைத்ததில் சோவியத் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவ் இறந்தார். வாள் எஃகு, மாஸ்க், உடை எல்லாவற்றின் விதிகளும் அதன் பிறகுதான் இறுகின. நான் 12 கிலோ அழுத்தம் தரும் சோதனைக் கூர்முனையை எடுத்து, அவர்கள் கண்ணெதிரே மாஸ்க் வலையில் அழுத்திக் காட்டுவேன். வலை விரிந்தால் அந்த மாஸ்க் அன்றே குப்பைக்கு. ஒருமுறை ஒரு அம்மா முன்னால் நிஜமாகவே விரிந்துவிட்டது. அடுத்த வாரம் அந்த அம்மாவே புது மாஸ்க் வாங்கிக்கொண்டு பிள்ளையோடு வந்தார்.