கேம் கன்சோல் கம்பெனிக்கு ஹார்டுவேர் பிளான் எழுதுறது எப்பிடி? நம்ம நெல்லை வீட்டுல இருந்து ஆரம்பிப்போம்

கேம் கன்சோல், அதாவது டிவில மாட்டி கேம் ஆடுத பெட்டி, அதப் பத்தி கேம் ஆடுற பயலுவ எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும், "இன்னும் பெரிய சிப்பு போட்டிருக்கலாம்லே, இன்னும் வெலைய கொறச்சிருக்கலாம்லே"ன்னு. அந்தக் கருத்த ஒரு உருப்படியான பிளானா பேப்பர்ல எப்பிடிக் கொண்டு வாரதுன்னு இதுல படிப்படியா சொல்லுதேன். காலேஜ்ல ப்ராஜெக்ட் பண்ணுத தம்பி தங்கச்சிங்களுக்கு ஒதவும், சும்மா ஆசைக்கு எழுதிப் பாக்கவும் செய்யலாம், எலக்ட்ரானிக்ஸ் படிச்சிருக்கணும்னு அவசியமே கெடையாது. ஒரு நோட்டு, ஒரு பேனா, போன்ல இருக்க கால்குலேட்டர், அவ்வளவுதாம் வேணும்.

எனக்கு இதுல உறுதியான ஒரு எண்ணம் உண்டு, மொதல்லயே சொல்லிருதேன். பெரும்பாலான கம்பெனி சிப்புல ஆரம்பிச்சு கடைசியாத்தாம் வீட்டுக்கு வாராங்க. நாம வீட்டுல ஆரம்பிச்சு, வெலைய பூட்டிட்டு, அதுக்கு அப்புறம்தாம் சிப்புக்குப் போவோம்.

படி 1: மூணு வீட்ட எழுதுங்க

நோட்டுல மூணு பத்தி போடுங்க. ஒண்ணு பாளையங்கோட்டைல மாடி வீடு, ஃபைபர் நெட் இருக்கு, இன்வெர்ட்டர் இருக்கு. ரெண்டாவது அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்து வீடு, டிவி இருக்கு, நெட்டுன்னா போன் ஹாட்ஸ்பாட்தாம், சாயந்தரம் ஆனா கரண்டு ஏறி எறங்கும். மூணாவது உவரி, இடிந்தகரை மாதிரி கடக்கரை ஊரு, ஜன்னல தொறந்தா உப்புக்காத்து. ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு விஷயம் எழுதுங்க: மே மாசம் மத்தியானம் ரூம்பு எவ்வளவு சூடு, கரண்டு எப்பிடி, நெட்டு எப்பிடி, அந்த வீட்டுல கேமுக்குன்னு எவ்வளவு ரூவா எடுத்து வைப்பாங்க.

இத ஊகத்துல எழுதாதீங்க, தெரிஞ்ச வீட்டுக்குப் போயி கேளுங்க. அந்த வீட்டு அம்மாட்டயும் கேளுங்க, ஏன்னா அந்தப் பெட்டி வீட்டுக்குள்ள வரணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுதது பெரும்பாலும் அவியதாம்.

படி 2: வெலைய மொதல்ல பூட்டுங்க

கடையில என்ன வெலைன்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு, அங்கருந்து பின்னால வாங்க. ஒரு எடுத்துக்காட்டுக்கு 25,000 ரூவான்னு வச்சுக்குவோம், கீழ வார எல்லாமே கணக்குக்கு நான் வச்ச நம்பர்தாம், நீங்க ஒங்க நம்பர போட்டுக்கிடுங்க. வரி 18 சதவீதம்னா 25,000-த்த 1.18 ஆல வகுக்கணும், 21,186 வரும். கடைக்காரருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் சேத்து பத்து சதவீதம், 2,119 போச்சு. கப்பல் செலவு, சுங்கம், குடோன் எல்லாம் சேத்து 2,000. வாரண்டில திரும்பி வார பெட்டிக்குன்னு 500 ஒதுக்குங்க. மிச்சம் 16,567. இதுக்குள்ளதாம் சிப்பு, ரேமு, ஸ்டோரேஜ், கண்ட்ரோலர், அட்டப்பெட்டி, கோக்குற கூலி எல்லாமே அடங்கணும். 25,000 ரூவா பெட்டிக்குள்ள 25,000 ரூவா சாமான் இருக்காதுன்னு இந்த எடத்துல நல்லா வெளங்கும்.

இந்தப் படிய தாண்டிப் போனவங்க கத எல்லாருக்கும் தெரிஞ்சதுதாம். 1995 மே மாசம் அமெரிக்காவுல சேகா கம்பெனி சாட்டர்ன்ங்குற கேம் பெட்டிய 399 டாலர்னு அறிவிச்சது, அதே கண்காட்சியில சோனி பிளேஸ்டேஷன் 299-ன்னு சொன்னாங்க, பின்னால வெலைய கொறச்சும் அந்த அடியில இருந்து சாட்டர்னால கடைசி வரைக்கும் எந்திரிக்க முடியல. அதே சோனி 2006-ல பிளேஸ்டேஷன் 3-ய 499, 599 டாலர்னு கொண்டு வந்து தடுமாறுச்சு. 2013-ல மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோட கினெக்ட் கேமராவ கட்டாயமா சேத்து 499-க்கு வித்தாங்க, சோனியோட பிளேஸ்டேஷன் 4 வெறும் 399 டாலர்தாம். அடுத்த வருஷம் ஜூன்லயே கினெக்ட் இல்லாத பெட்டிய 399-க்கு எறக்கிட்டாங்க. மூணு தடவையும் நல்ல எஞ்சினியருங்கதாம் வேல பாத்தாங்க, ஆனா பெட்டிக்குள்ள என்ன வேணும்னு முடிவு பண்ணினதுக்கு அப்புறம்தாம் வெல வந்துச்சு.

நஷ்டத்துக்கு வித்துட்டு கேம்ல எடுத்துருவோம்னு ஒரு வழி உண்டு, அதையும் கணக்கு போட்டே எழுதுங்க. பெட்டிக்கு 3,000 நஷ்டம், ஒரு கேம் 4,000 ரூவா, அதுல கம்பெனிக்கு 30 சதவீதம்னா 1,200. அப்போ ஒவ்வொரு வீடும் மூணு புது கேமாவது வாங்கினாத்தாம் நஷ்டம் தீரும். நம்ம மூணு வீட்டுல எந்த வீடு மூணு புது கேம் வாங்கும்னு படி 1-ல எழுதுனத திருப்பிப் பாருங்க.

படி 3: சிப்பு

சிப்பு பத்தி பேச ஆரம்பிச்சா விடிஞ்சிரும், அதனால ஒரே ஒரு விதிதாம் சொல்லுதேன்: பழகின, வெல கொறஞ்ச, கேம் எழுதுறவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச சிப்ப எடுங்க. நிண்டெண்டோ கம்பெனில கேம்பாய்ங்குற கையில வச்சு ஆடுத கேம் பெட்டிய உருவாக்கின குன்பே யோக்கோய் இதத்தாம் தன் கொள்கையாவே வச்சிருந்தாரு, நல்லா பழசாயி முத்தின தொழில்நுட்பத்த எடுத்து புது வழியில யோசிக்கணும்னு. 1989-ல வந்த கேம்பாய்ல கலர் கெடையாது, நாலு பென்சில் பேட்டரி, பத்து மணி நேரத்துக்கு மேல ஓடும். எதிர்ல வந்த சேகா கேம்கியர்ல கலர் திரை, ஆறு பேட்டரி, மூணுல இருந்து அஞ்சு மணி நேரத்துல தீந்துரும். கேம்பாயும் அதோட கலர் மாடலும் சேந்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல வித்துச்சு. 2017-ல வந்த நிண்டெண்டோ ஸ்விட்சும் அதே வழிதாம், அதுல இருக்க என்விடியா டெக்ரா எக்ஸ்1 2015-லயே வந்த சிப்பு, ஆனா வித்தது 15 கோடிக்கு மேல.

மாத்தி யோசிச்சவங்க கஷ்டப்பட்டாங்க. சாட்டர்ன்ல ரெண்டு பிராசஸர், பிளேஸ்டேஷன் 3-ல செல்னு ஒரு வித்தியாசமான சிப்பு, ரெண்டுலயும் கேம் எழுதுறவங்க திணறிப் போனாங்க. பிளேஸ்டேஷன் 4-க்கு சோனி கம்ப்யூட்டர் மாதிரியே ஏஎம்டி சிப்புக்கு வந்ததும் நெலம மாறிருச்சு.

ரேம மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்ல 16 ஜிபி, வெல கொறஞ்ச சீரிஸ் எஸ்ல 10 ஜிபி, இந்த வித்தியாசம் கேம் எழுதுறவங்கள வருஷக்கணக்கா இழுக்குது. 2023-ல பால்டர்ஸ் கேட் 3-ங்குற கேம் எக்ஸ்பாக்ஸுக்கு லேட்டா வந்ததே சீரிஸ் எஸ்ல ரெண்டு பேரு திரையப் பிரிச்சி ஆடுத வசதிய ஓட வைக்க முடியாமத்தாம்.

படி 4: சூடு, தூசி, கரண்டு

நம்ம ஊருக்கு இதுதாம் உயிர்நாடி, அதனால நிதானமா போவோம்.

பிளேஸ்டேஷன் 5-ஓட ஸ்பெசிஃபிகேஷன்ல ஓட்டுறதுக்கான வெப்பநிலை 5 டிகிரில இருந்து 35 டிகிரின்னு போட்டிருக்கு. மே மாசம் பாளையங்கோட்டைல வெளிய 38, 39 டிகிரி சாதாரணம். மொட்டமாடிக்குக் கீழ இருக்க ரூம்புல, ஏசி இல்லாம, டிவி ஸ்டாண்டுக்குள்ள கண்ணாடிக் கதவு போட்டு அடச்சு வச்சிருந்தா கேக்கவே வேண்டாம். அதாவது லீவு விட்டு புள்ளைங்க அதிகமா ஆடுத மாசத்துல அந்தப் பெட்டி தன்னோட எல்லைக்கு வெளிய ஓடிட்டு இருக்கு. ஒங்க பிளான்ல மேல் எல்லை 45 டிகிரின்னு எழுதுங்க. எழுதினா என்ன மாறும்னா, அதே ஹீட்சிங்க் (சிப்போட சூட்ட உறிஞ்சி வெளிய விடுத உலோகத் துண்டு) வச்சு 45 டிகிரில ஓடணும்னா சிப்பு திங்குற வாட்ட கொறச்சே ஆகணும். பிளேஸ்டேஷன் 5 பெரிய கேம் ஓடும்போது சுமார் 200 வாட் இழுக்கும். நாம 80, 90 வாட்டுல நின்னுட்டா ஃபேன் சின்னதாவும், பவர் சப்ளை வெல கொறச்சலாவும், பெட்டி எடை கம்மியாவும் ஆயிரும், எடை கொறஞ்சா கப்பல் செலவும் கொறையும், படி 2-ல விட்ட காசு கொஞ்சம் இங்கன திரும்பி வரும்.

சூட்ட லேசா எடுத்தா என்ன ஆகும்னு எக்ஸ்பாக்ஸ் 360 காட்டிருச்சு. பெட்டி சூடாயி ஆறி, சூடாயி ஆறி, சிப்புக்கு அடியில இருக்க குட்டிக் குட்டி சாலிடர் இணைப்பு வெடிப்பு விட்டு முன்னால செவப்பு லைட்டு எரிஞ்சுது. 2007 ஜூலைல மைக்ரோசாஃப்ட் வாரண்டிய மூணு வருஷமா நீட்டி அதுக்குன்னு 100 கோடி டாலருக்கு மேல ஒதுக்க வேண்டி வந்துச்சு. நெனச்ச நேரத்துக்கு கரண்டு போயி வார ஊர்ல இந்த சூடாயி ஆறுறது இன்னும் அடிக்கடி நடக்கும்ங்கறத மறந்துராதீங்க.

அடுத்து தூசி. ஆனி, ஆடி காத்துல கயத்தாறு பக்கம் காத்தாடி எல்லாம் சுத்துத வேகத்துக்கு நம்ம வீட்டுக்குள்ள செம்மண்ணு வந்து படியும். பிளேஸ்டேஷன் 5-ல பக்கத்து மூடிய கழட்டினா தூசி சேருறதுக்குன்னே ரெண்டு குழி இருக்கு, வேக்குவம் வச்சு உறிஞ்சிரலாம். நல்ல யோசனை. நாம இன்னும் ஒரு படி மேல போயி, காத்து உள்ள போற எடத்துல ஸ்க்ரூ இல்லாம கையால உருவி எடுத்து தண்ணில அலசுத வலை ஒண்ணு வையுங்க, கூலர்ல இருக்குமே அந்த மாதிரி. கடக்கரை வீட்டுக்கு மதர்போர்டு மேல ஈரமும் உப்பும் ஒட்டாம ஒரு மெல்லிய கோட்டிங் அடிக்கணும், இது வெளி எடத்துல வைக்குத எலக்ட்ரானிக்ஸ்ல ரொம்ப காலமா பண்ணுத வேலதாம்.

இப்போ கரண்டு. ஆட்டம் பாதியில இருக்கும்போது கரண்டு போனா ஆடுனது போச்சு, அதுல அந்தப் புள்ள மொகத்தப் பாக்கணுமே, சில நேரம் ஸ்டோரேஜே கொழம்பிப் போயிருது. இதுக்கு வழி இருக்கு. இப்போவே எக்ஸ்பாக்ஸ்ல ஆட்டத்தோட நெலமய அப்பிடியே எஸ்எஸ்டில, அதாவது உள்ள இருக்க ஸ்டோரேஜ்ல, எழுதி வச்சிட்டு, பிளக்க புடுங்கினாலும் விட்ட எடத்துல தொடருத வசதி உண்டு, ஆனா எழுதி முடிக்க கரண்டு வேணும். கணக்கு போடுங்க: கரண்டு போன ஒடனே பெட்டி தன்ன 30 வாட்டுக்கு எறக்கிட்டு 10 வினாடில எழுதி முடிச்சா தேவ 300 ஜூல் (வாட்ட வினாடியால பெருக்கினா ஜூல்). ஒரு போன்ல இருக்க 5000 எம்ஏஎச் பேட்டரில சுமார் 69,000 ஜூல் இருக்கு. அப்போ அதுல ரொம்ப சின்னத் துண்டு பேட்டரி போதும். இத உள்ள வச்சு வித்தா, தனியா யூபிஎஸ் வாங்க வேண்டாம்னு கடைக்காரர் அண்ணாச்சி ஒரே வரியில சொல்லி வித்துருவாரு. எனக்குத் தெரிஞ்சு நம்ம ஊருக்கு இதவிட பிரயோசனமான வசதி கெடையாது, பவர் சப்ளையையும் லோ வோல்டேஜுக்கு தாங்குற மாதிரி வாங்குங்க.

படி 5: டிஸ்க்கா, டவுன்லோடா

100 ஜிபி கேம், 40 எம்பிபிஎஸ் ஃபைபர்னா அஞ்சரை மணி நேரம். தெனம் 2 ஜிபி போன் டேட்டான்னா 50 நாளு. ரெண்டாவது வீட்டுக்கு டிஸ்க் டிரைவ் இல்லாத பெட்டிய விக்கவே முடியாது. தவிர டிஸ்க் இருந்தா ஆடி முடிச்சத பாதி வெலைக்கு வித்துட்டு அடுத்தத வாங்குவாங்க, கூட்டாளிட்ட மாத்திக்கிடுவாங்க. செகண்ட் ஹேண்ட் டிஸ்க்ல கம்பெனிக்கு ஒரு பைசா கெடையாதுன்னு அத ஒழிக்கப் பாக்காங்க, நான் அத ஒத்துக்கிட மாட்டேன், திருப்பி விக்கலாம்ங்குற தைரியத்துலதாம் நம்ம ஊர்ல பாதி பேரு மொத கேமயே வாங்குதாங்க. 2023-ல வந்த பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம் மாதிரி கழட்டி மாட்டுத டிரைவா வையுங்க, ஆனா அத மொத தடவ மாட்டும்போது நெட்டு வேணும்னு கேக்குது பாருங்க, அந்தக் கட்டாயம் வேண்டாம்.

படி 6: கண்ட்ரோலரும் ரிப்பேரும்

கண்ட்ரோலர்ல பெருவெரலால ஆட்டுத ஸ்டிக்கு தானா ஒரு பக்கமா இழுக்குறத எல்லாரும் பாத்திருப்பீங்க. உள்ள ஒண்ணோட ஒண்ணு உரசுத பாகம் தேயுறதால வாரது. காந்தத்த வச்சு ஒரசாம வேல செய்யுத ஹால் சென்சார் ஸ்டிக் இருக்கு, 1998-ல வந்த சேகா டிரீம்காஸ்ட் கண்ட்ரோலர்லயே இருந்துச்சு. கொஞ்சம் வெல கூடத்தாம், ஆனா வாரண்டி ஒதுக்கீட்டுல மிச்சமாகும், அந்த 500 ரூவாய்ல கை வச்சு கணக்கு போட்டுப் பாருங்க.

ரிப்பேருக்கு சாதா ஸ்க்ரூ, பசை போட்டு ஒட்டாத பேட்டரி, கடையில கெடைக்குத ஸ்பேர். ஸ்டீம் டெக்குங்குற கையில வச்சு ஆடுத கேம் பெட்டிக்கு ஐஃபிக்ஸிட்ங்குற ரிப்பேர் கம்பெனி மூலமா ஸ்பேர் பார்ட்ஸ் விக்காங்க, அது மாதிரி நம்ம நெல்லை வண்ணார்பேட்டைல இருக்க சர்வீஸ் கடைக்காரரும் ஆர்டர் போட்டு வாங்குத மாதிரி இருக்கணும், ஒரு ஸ்டிக்குக்காக பெட்டிய சென்னைக்கு அனுப்பிட்டு மாசக்கணக்கா காத்துக் கெடக்குற நெலம வேண்டாம்.

படி 7: அஞ்சு வருஷம் கழிச்சு

பழைய பிளான்ல எல்லாரும் ஒண்ண நம்பி எழுதுவாங்க, போகப்போக வெல கொறையும்னு. பிளேஸ்டேஷன் 2 அப்பிடித்தாம், 2000-ல அமெரிக்காவுல 299 டாலர், 2002-ல 199, 2009-ல 99, மொத்தம் 16 கோடி வித்துச்சு. இப்போ அது நடக்கல. பிளேஸ்டேஷன் 5 நம்ம நாட்டுல 2021 பிப்ரவரில 49,990-க்கு வந்துச்சு, 2022 கடைசில 54,990 ஆக்கிட்டாங்க. சிப்ப சின்னதாக்கினா செலவு கொறையும்ங்குற பழைய கணக்கு இப்போ ஒத்து வரல. அதனால ஒங்க 16,567 ரூவா கணக்கு மொத நாளே நிக்கணும், பின்னால சரியாயிரும்னு ஒரு வரி கூட எழுதாதீங்க. பழைய கேம் புதுப் பெட்டில ஓடணும்ங்கறதயும் இங்கனயே சேத்துருங்க, வீட்டுல இருக்க டிஸ்க் வீணாப் போச்சுன்னா அடுத்த பெட்டிய ஒங்ககிட்ட வாங்கணும்னு யாருக்கும் கட்டாயம் கெடையாது.

படி 8: பேரு

சின்ன படிதாம். நிண்டெண்டோல பத்து கோடிக்கு மேல வித்த வீ (Wii) பெட்டிக்கு அடுத்து வந்ததுக்கு வீ யூ (Wii U)-ன்னு பேரு வச்சாங்க, அது புதுப் பெட்டியா பழசுக்கு துணைச் சாமானான்னே நெறைய பேருக்கு வெளங்கல, வித்தது ஒன்றரை கோடிக்கும் கீழ. அதனால பேருக்குப் பின்னால ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டா போதும்.

எல்லாத்தையும் ஒரே பக்கத்துல எழுதி முடிச்சிட்டு, படி 1-ல பாத்த அம்பாசமுத்திரம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. வெலையும், டிஸ்க்கும், கரண்டு போனாலும் விட்ட எடத்துல இருந்து ஆடலாம்ங்கறதும் மட்டும் சொல்லிட்டு வாங்குவீங்களான்னு கேளுங்க. வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேட்டு, அந்தக் காரணம் எந்தப் படில சேருதோ அங்கருந்து திரும்ப எழுதுங்க.