ஹை செக்யூரிட்டி பூட்டு சிக்குதா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாத்துருங்க

நல்ல விலை குடுத்து போட்ட பூட்டுதான், ஆனா இப்போ சாவியை ரெண்டு ஆட்டு ஆட்டி, கதவை தோளால ஒரு முட்டு முட்டினாதான் திறக்குது, அப்படின்னா உடனே பூட்டு போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. முதல்ல கதவை நல்லா திறந்து வச்சுட்டு சாவி போட்டு திருப்பிப் பாருங்க. திறந்திருக்கும்போது ஈஸியா திரும்புது, சாத்தினா மட்டும் சிக்குதுன்னா பூட்டு மேல தப்பே இல்ல. கதவு இறங்கியிருக்கும், இல்ல மரம் ஈரத்துல உப்பியிருக்கும், பூட்டோட நாக்கு கதவு நிலையில இருக்கிற ஓட்டைக்கு நேரா போகாம அதை சுத்தி இருக்கிற தகட்டுல இடிக்குது. இதுக்கு எவ்ளோ காஸ்ட்லியான சிலிண்டர், அதாவது சாவி போடுற பாகம், வாங்கிப் போட்டாலும் அதே கததான்.

கீல் ஸ்க்ரூ எல்லாத்தையும் டைட் பண்ணுங்க, பிடிமானம் இல்லாம சும்மா சுத்துறதுக்கு பதிலா கொஞ்சம் நீளமான ஸ்க்ரூ போடுங்க. அப்பவும் சிக்குனா நாக்குல சாக்பீஸ் தேச்சுட்டு கதவை சாத்தி பூட்டிப் பாருங்க, தகட்டுல எங்க வெள்ளை ஒட்டுதோ அங்கதான் இடிக்குது, அந்த ஓரத்தை மட்டும் அரம் வச்சு கொஞ்சம் கொஞ்சமா ராவுங்க. மேல கீழ நடுவுலன்னு பல இடத்துல பூட்டுற மல்டிபாயின்ட் லாக்னா ஒவ்வொரு கொக்கிக்கும் இத தனித்தனியா பாக்கணும்.

கதவு திறந்திருந்தாலும் சிக்குதா? அப்போ சாவி மேல சந்தேகப்படுங்க. பீரோவுல சும்மா கிடக்கிற ஸ்பேர் சாவியை எடுத்துப் போடுங்க, அது ஸ்மூத்தா போச்சுன்னா தேஞ்சது நீங்க தினமும் யூஸ் பண்றதுதான். இந்த மாதிரி பூட்டுல இடைவெளியெல்லாம் ரொம்ப துல்லியமா இருக்கும், அதனால சின்ன தேய்மானம் கூட தெரியும். மெடெகோ கம்பெனி மாதிரி பூட்டுல, சாவி தள்ளுற குட்டிக் கம்பிகளான பின் சரியான உயரத்துக்கு எழும்புனா மட்டும் பத்தாது, சரியான கோணத்துக்கு திரும்பவும் செய்யணும். தேஞ்ச சாவியை வச்சு டூப்ளிகேட் போட்டா தேய்மானமும் சேந்துதான் காப்பி ஆகும், அதனால பூட்டோட வந்த கார்டு இல்ல கோடு நம்பரை வச்சு புது சாவி வெட்டுங்க. சாவிக்கொத்துல இருக்கிற மத்த கனத்தையும் குறைங்க, தொங்குற வெயிட்டு உள்ள இருக்கிற பின்னைத்தான் தேய்க்குது.

அடுத்து சுத்தம். குழி குழியா இருக்கிற டிம்பிள் சாவின்னா குழிக்குள்ள அழுக்கு அடைஞ்சிருக்கும், பழைய டூத்பிரஷ் போதும். பூட்டுக்குள்ள சமையல் எண்ணெய், கிரீஸ் ரெண்டும் தயவுசெஞ்சு வேண்டாம், தூசியை இழுத்து பசையாக்கிடும். டபிள்யூடி-40 ஸ்பிரே அழுக்கைக் கழுவ ஓகே, ஆனா அதோட விட்டுடாம பின்னாடியே பிடிஎஃப்இ (டெஃப்லான்) டிரை ஸ்பிரே மாதிரி பூட்டுக்கான லூப்ரிகன்ட் போடுங்க. ஏற்கனவே எண்ணெய் போட்ட பூட்டுல கிராஃபைட் பொடியை கொட்டாதீங்க, சேறு மாதிரி ஆயிடும். ஆப்ளாய் கம்பெனி மாதிரி பின்னுக்கு பதிலா டிஸ்க் சுத்துற பூட்டுக்கு மெல்லிய எண்ணெய் வகைதான் சரி. எதைப் போட்டாலும் கொஞ்சமா போட்டு, சாவியை பல தடவ உள்ள விட்டு எடுத்து, ஒட்டுற கறுப்பை துடைச்சிட்டே இருங்க.

இதெல்லாம் பண்ணியும் ஆகலையா, சிலிண்டரை கழட்ட வேண்டியதுதான். ஆனா ஒரு நிமிஷம், கதவோட விளிம்புல சிலிண்டருக்கு நேரா ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும், அதை அரை சுத்து லூஸ் பண்ணிட்டு சாவியை திருப்பிப் பாருங்க, ஓவரா டைட் பண்ணினதாலயே சிக்குற கேஸ் உண்டு. ஹேண்டில் ஸ்க்ரூவும் அப்படித்தான்.

ஒரே ஸ்க்ரூவுல நிக்கிற யூரோ சிலிண்டர்னா அந்த ஸ்க்ரூவை முழுசா எடுத்துட்டு, சாவியை லேசா திருப்பி, நடுவுல நீட்டிட்டு இருக்கிற கேம், அதாவது சாவியோட சுத்துற துண்டு, சிலிண்டரோட உடம்புக்குள்ள அடங்கினதும் இழுத்தா வந்துடும். வெளிய எடுத்து கையில வச்சு திருப்புங்க. கையிலயும் சிக்குனா சிலிண்டர் போச்சு, கையில நல்லா சுத்துதுன்னா கோளாறு கதவுக்குள்ள இருக்கிற லாக் பெட்டியில, சிலிண்டர் வாங்கி காசை வீணாக்காதீங்க.

அளவு எடுக்கும்போது மொத்த நீளம் மட்டும் எடுத்தா தப்பாயிடும். ஸ்க்ரூ ஓட்டையோட நடுவுல இருந்து வெளிப்பக்கம் எவ்ளோ, உள்பக்கம் எவ்ளோன்னு தனித்தனியா, 35/45 மாதிரி எழுதிக்கோங்க. மாட்டினப்புறம் வெளிப்பக்கம் ஹேண்டில் தகட்டை விட்டு 3 மில்லிமீட்டருக்கு மேல நீட்டக்கூடாது, நீட்டினா திருடன் பிடிச்சு ஒடிச்சிடுவான். உடைப்புக்கு தாங்குற ஆன்டி-ஸ்னாப் மாடலா வாங்குங்க. உள்பக்கம் சாவி இல்லாம கையால திருப்புற குமிழ் இருந்தா தீ விபத்துல வெளிய ஓட வசதி, ஆனா கதவுல கண்ணாடி இருந்தா அதை உடைச்சு கைய விட்டு திறந்துடலாம், ரெண்டையும் யோசிச்சுக்கோங்க. தீத்தடுப்பு கதவுன்னா நீங்களா துளை போடாதீங்க, அதுக்குன்னு ஆள் கூப்பிடுங்க.

புதுசை மாட்டி ஸ்க்ரூவை அளவா முறுக்கி, கதவு திறந்திருக்கும்போதே எல்லா சாவியையும் ரெண்டு பக்கமும் போட்டு பாத்துட்டு அப்புறமா சாத்துங்க, மொத தடவ சாத்தும்போது ஒரு ஆள் உள்ள, ஒரு ஆள் வெளிய இருந்தா நல்லது.