சிறப்பாசிரியர்களுக்கு முன்தயாரிப்பில்லாத நாடக விளையாட்டுகள்

மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு குழந்தைக்கும் சிறப்பாசிரியர்கள் தனித்தனியே வகுக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தை எவ்வளவு கவனமாக எழுதி வைத்திருந்தாலும், குழந்தை அடுத்த நொடி என்ன செய்யும் என்பதை அது சொல்லாது. அந்த நொடியைக் கையாளும் திறனை முன்தயாரிப்பில்லாத நாடக விளையாட்டுகளால் பழக்கலாம். 1939இல் சிகாகோவில் குழந்தைகளுக்கான நாடகப் பணியை மேற்பார்வையிட்ட வயோலா ஸ்போலின், மொழியும் பண்பாடும் வேறுபட்ட குடியேறிகளின் பிள்ளைகளுக்காக வகுத்த விளையாட்டுகளே இம்முறைக்கு அடிப்படை என்பதால், பேச்சு வராத குழந்தைகளோடு பணிபுரிவோருக்கு இவை இயல்பாகவே பொருந்துகின்றன.

முதலில் ஆசிரியர்கள் மட்டும் கூடி, கண்ணாடி விளையாட்டிலிருந்து தொடங்குங்கள். இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் மெதுவாக அசைய, மற்றவர் அவருடைய பிம்பம்போல அசைய வேண்டும். பின்தொடர்பவர் பெரும்பாலும் அடுத்த அசைவை ஊகித்து முந்திக்கொள்வார். வகுப்பிலும் குழந்தை பதில் சொல்லுமுன் நாம் சொல்லிக்கொடுத்துவிடுவது இதே பழக்கத்தால்தான். ஆகவே கையை மட்டும் பார்க்காமல் தோள், மூச்சு, பார்வை ஆகியவற்றையும் கவனிக்கச் சொல்லி, மூன்று நிமிடத்துக்குப் பின் இடம் மாற்றுங்கள். மேசையை விரலால் தட்டிக்கொண்டே இருக்கும் குழந்தையின் அருகே அமர்ந்து, அதே தாளத்தில் தட்டி, அது நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பது இப்பயிற்சியின் நேரடிப் பயன்.

அடுத்து, பொருளற்ற ஒலிகளால் மட்டுமே ஒருவர் தேநீர் போடக் கற்றுக்கொடுக்கட்டும். சிரிப்பு எழும், அதைத் தடுக்க வேண்டாம். சிரிப்பு அடங்கியபின் கற்றவரிடம் எந்தச் சைகை புரிந்தது, எங்கே தவித்தார் என்று கேளுங்கள்.

மூன்றாவது, ஏற்றுக்கொண்டு தொடர்தல். எண்ணுவதற்குத் தந்த மணிகளைக் குழந்தையாக நடிப்பவர் நிறவாரியாக அடுக்கினால், “அப்படியில்லை” என்று கலைக்காமல், “சிவப்பு வரிசை! இதில் எத்தனை இருக்கு?” என்று ஆசிரியர் தொடர வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் செயலுக்கு இவ்விதி பொருந்தாது. அங்கே முதலில் பாதுகாப்புதான். குழந்தையாக நடிப்பவர் குறைபாட்டை நையாண்டி செய்யும் தொனி சிறிதும் வரக்கூடாது. ஒரே ஒரு செயலை மட்டும் செய்தால் போதும்.

இவற்றைப் பின்னர் குழந்தைகளிடம் கொண்டு செல்வதானால், தொடக்கத்தையும் முடிவையும் படஅட்டையால் காட்டுங்கள். திடீர் மாற்றம் ஆட்டிசம் உள்ள பலருக்குப் பதற்றம் தரும். பங்கேற்காமல் பார்த்துக்கொண்டிருக்கவும் ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள்.