கூரைப் பெயின்ட்: கண்ணுக்குத் தெரியாத வெயிலை மறவாதீர்கள்

சித்திரையில் மட்டக்களப்பில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு நேரே நிற்கிறது. அடுத்து வரும் கச்சான் காற்றும் அனலைத்தான் கொண்டுவருகிறது. அப்போது சுவரைவிடக் கூரையே அதிக வெயிலை வாங்குகிறது. இருந்தும் சுவர் நிறத்துக்குக் காட்டும் அக்கறையைப் பலர் கூரைக்குக் காட்டுவதில்லை.

நிறத்தைக் கண்ணால் மட்டும் அளப்பதுதான் பெரிய தவறு. நிலத்தை வந்தடையும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். இரும்பு ஒட்சைட்டுச் சிவப்பு நிறமி நீலத்தையும் பச்சையையும் உறிஞ்சினாலும், அகச்சிவப்பில் கணிசமான பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். காபன் கறுப்போ அனைத்தையும் விழுங்கும். ஆகவே ஒரேபோலத் தோன்றும் இரண்டு ஓட்டு நிறங்களில், கறுப்புக் கலந்தது கூடுதலாகச் சுடும். வெள்ளையைச் சாம்பலாக்கச் சிறிதளவு கறுப்பைக் கலப்பதும் கேடுதான். வெள்ளைப் பூச்சுக்குள் ஒளி துகளுக்குத் துகள் பலமுறை சிதறியே வெளியேறுகிறது. அந்த வழியில் எங்காவது ஒரு கறுப்புத் துகள் அதைப் பிடித்துவிடும். கடையில் நிறம் கலக்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள்.

பெயின்டில் தண்ணீரை அதிகம் சேர்த்து ஒரே பூச்சுடன் நிறுத்துவதும் வழக்கமாகிவிட்டது. கூரை வெள்ளையாகத் தெரிந்துவிட்டதே, போதாதா? போதாது. வெள்ளைப் பெயின்டின் நிறமியான டைட்டானியம் ஈரொட்சைட்டுத் துகள்களின் அளவு கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிப்பதற்கே மிகப் பொருத்தமானது. அலைநீளம் கூடிய அகச்சிவப்பு, மெல்லிய பூச்சை ஊடுருவி அடியிலுள்ள துருவைச் சுடவைக்கும். முதலில் வெள்ளை அடிப்பூச்சு, அதன்மேல் இரண்டு தடித்த பூச்சுகள் தேவை.

புதுத் தகரம் பளபளப்பதால் குளிர்ச்சியாகவே இருக்கும் என்பதும் பிழையான எண்ணம். வெறும் உலோகம் வெயிலைத் திருப்பினாலும், உறிஞ்சிய வெப்பத்தை வெளிவிடுவதில் மிக மந்தமானது. பெயின்ட் பூசிய பரப்பு அதை எளிதில் வெளிவிடும். வீட்டின் உட்சுவருக்கான மலிவான பெயின்ட் கூரையில் சுண்ணாம்புபோல் உதிர்ந்துவிடும். அதை வாங்கவே வேண்டாம்.

மாரி மழைக்குப் பின் படியும் பாசியும் கறுப்பு நிறமியின் வேலையையே செய்கிறது. ஆண்டுதோறும் கழுவ வேண்டும். ஆனால் அஸ்பெஸ்டஸ் கூரையைக் கம்பித் தூரிகையால் சுரண்டாதீர்கள். அதன் நார்த்தூசு நுரையீரலைக் கெடுக்கும். நன்றாக நனைத்து, மென்மையாகத் துடையுங்கள். பழைய சீட்டின்மேல் நேரடியாகக் கால் வைக்காதீர்கள், உடைந்துவிடும். குறுக்கே பலகை போட்டுக்கொள்ளுங்கள்.