ஒரே சிவப்பு லேசரில் அலையையும் குவாண்டத்தையும் பார்ப்பது எப்படி

தேவையானவை: 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் பாயின்டர் (1 மில்லிவாட் போதும்), ஒரு தலைமுடி, இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர் தாள், 405 நானோமீட்டர் ஊதா எல்இடி, 9 வோல்ட் பேட்டரி, 330 ஓம் ரெசிஸ்டர், கறுப்புத் தாள். லேசரையும் ஊதா எல்இடியையும் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். பளபளப்பான பொருள் எதுவும் அருகில் வேண்டாம்.

முதலில் அலை. லேசரை அசையாமல் பொருத்தி, அதன் வாயில் முடியைச் செங்குத்தாக ஒட்டுங்கள். 2 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் வெளிச்சமும் இருளும் மாறி மாறி விழும். அலைநீளத்தைச் சுவர்த் தூரத்தால் பெருக்கி, அடுத்தடுத்த இருள் கோடுகளின் இடைவெளியால் வகுத்தால் முடியின் தடிமன் வரும். 70 மைக்ரோமீட்டர் முடிக்கு இடைவெளி சுமார் 18.6 மி.மீ. ஒரே பக்கத்தில் முதல் கோட்டிலிருந்து ஐந்தாவது வரை அளந்து நான்கால் வகுப்பது நல்லது. நடுப்பட்டை இருமடங்கு அகலமானது; அதைச் சேர்த்தால் கணக்கு கெடும். இதுவரை ஃபோட்டானுக்கு (ஒளியின் ஆற்றல் பொட்டலத்துக்கு) வேலையே இல்லை, குவாண்டத்துக்கு முந்தைய செவ்வியல் அலைக்கொள்கையே போதும்.

அடுத்தது ஒளிரும் தாள். அதை ஓர் இரவு முழுக்க மூடிய பெட்டியில் வையுங்கள். பழைய ஒளிர்வு மிச்சமிருந்தால் எதையும் முடிவு செய்ய முடியாது. எல்இடியை ரெசிஸ்டரோடு தொடராக இணைத்து (நீளக் கால் பாசிட்டிவுக்கு), கறுப்புத் தாளைக் குழலாகச் சுருட்டி அதன்மேல் மாட்டுங்கள். இருட்டறையில் தாளின் ஓரிடத்தில் லேசரை 5 நிமிடம் காட்டுங்கள். ஒளிராது. வேறோர் இடத்தில் குழலை அழுத்தி ஊதாவை 2 விநாடி மட்டும் கொடுங்கள். பளிச்சென்று வட்டம் ஒளிரும்.

செவ்வியல் பார்வையில் அலையின் ஆற்றல் அதன் வீச்சைப் பொறுத்தது. செறிவான சிவப்பைப் போதிய நேரம் காட்டினால் ஆற்றல் சேர்ந்து தாள் ஒளிர வேண்டும். சேரவில்லை. குவாண்டம் பார்வையில் ஆற்றல் ஒவ்வொரு ஃபோட்டானாகத்தான் உள்ளே போகும். 1240-ஐ நானோமீட்டர் அலைநீளத்தால் வகுங்கள்: ஒரு ஃபோட்டானின் ஆற்றல் சிவப்புக்கு 1.9 எலக்ட்ரான் வோல்ட் (மிகச் சிறிய ஆற்றல் அலகு), ஊதாவுக்கு 3.1. இவ்வகைத் தாள்கள் பெரும்பாலும் 450 நானோமீட்டருக்குக் கீழேதான், அதாவது 2.75 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல்தான், ஒளியை நன்றாக ஏற்றிக்கொள்ளும். 1 மில்லிவாட் சிவப்பு விநாடிக்கு 3,000 லட்சம் கோடி ஃபோட்டான்களை அனுப்பியும் பயனில்லை, ஒவ்வொன்றின் ஆற்றலும் தனித்தனியே போதாது.

சிவப்பிலும் ஒளிர்ந்தால், லேசருக்குப் பதில் வெள்ளை டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றியிருப்பீர்கள். அதில் நீலம் கசியும். துத்தநாக சல்ஃபைடு தாளில், ஏற்கெனவே ஒளிரும் இடத்தில் சிவப்பு பட்டால் ஒளிர்வு இன்னும் சீக்கிரம் அணையலாம். அதனால்தான் சிவப்பை முதலில் காட்டச் சொன்னது.

ஆனால் இதை ஃபோட்டானுக்கான நிரூபணம் என்று மார்தட்ட முடியாது. அணுவை மட்டும் குவாண்டமாக வைத்து, ஒளியை அலையாகவே விட்டாலும் இந்த முடிவு வரும். ஒளிமின் விளைவின் (ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவதன்) பெரும்பகுதிக்கும் அப்படித்தான். கறாரான சோதனை, ஒளியை இரு பாதைகளாகப் பிரிக்கும் ஒளிபிரிப்பானில் இருக்கிறது: அலையென்றால் இருபுறத்து உணரிகளும் அவ்வப்போது ஒருசேரப் பதிய வேண்டும். லேசரை எவ்வளவு மங்கலாக்கினாலும் அந்த ஒருசேர்வு அலைக்கொள்கை எதிர்பார்க்கும் அளவைவிடக் குறையாது. ஒரு நேரத்தில் ஒரே ஃபோட்டானைத் தரும் ஒளிமூலமே வேண்டும். 1986இல் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் கிராஞ்சியே, ரோஜே, ஆஸ்பே மூவரும் கால்சியம் அணுக்களை வைத்து அதைச் செய்தார்கள். ஒருசேர்வு அலைக்கொள்கையின் வரம்புக்கு வெகு கீழே இருந்தது. அதே ஃபோட்டான்களைக் குறுக்கீட்டுமானிக்குள் (ஒளியை இரு பாதையில் பிரித்து மீண்டும் சேர்க்கும் கருவி) விட்டபோது, அலைக்கே உரிய குறுக்கீட்டு வரிகளும் கிடைத்தன.